மருந்துச் சீட்டும் கேட் பாஸும்: மனச்சிதைவிலிருந்து மீள்வோரின் உரிமைகள்

மீஞ்சூருக்கும் வள்ளூருக்கும் இடையே உள்ள ஒரு காலனியைச் சேர்ந்த இளைஞர், ஈராண்டுகளுக்கு முன் தம் தாயுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் படித்தவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளர். (அவருடைய இசைவுடனே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வாரக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்து உறக்கம் குலைந்திருந்த ஒரு கோடையில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஐயுற்றார். கேட்ட குரல்களுள் ஒன்று மேற்பார்வையாளருடையது. அது அவருடைய சாதிப் பெயரைச் சொல்லி ஏசியது.

வீட்டார் முதலில் மந்திரிப்பவரிடம் கூட்டிச் சென்றார்கள். ஊரார் குடிப்பழக்கம் என்றார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகே சென்னையில் ஒரு மனநல மருத்துவரைக் கண்டார்கள். மனச்சிதைவு நோய் என்று கண்டறியப்பட்டது. மருந்து தொடங்கி ஆறாவது வாரத்தில் குரல்கள் தணிந்தன. தேறிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் வேலைக்குத் திரும்பிய அன்று, ஆலை வாயிலிலேயே அவர் நிறுத்தப்பட்டார். கேட் பாஸ் இரத்தாகியிருந்தது.

“மருந்து சாப்பிட்டா குரல் அடங்குதுண்ணா. வேலை இல்லாம வீட்டுல உட்கார்ந்தா திரும்ப வருது” என்றார் அவர்.

மனச்சிதைவு குறித்து நான் படித்த பல நூல்களைவிட இந்த இரண்டு வாக்கியங்கள் தெளிவானவை. மே 24-ஆம் நாள் உலக மனச்சிதைவு நோய் நாள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-ஆம் நாள். இந்த நாள்களில் நம்பிக்கை, மன உறுதி ஆகிய சொற்கள் மேடைகளில் நிறையக் கேட்கும். நோயாளி மன உறுதி கொள்ள வேண்டும் என்று சொல்வது எளிது. அந்த உறுதி நிலைத்து நிற்பதற்குக் கையில் மருந்தும், கூலியும், இருக்க ஒரு வீடும் வேண்டும். இவை யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்கு மறுக்கப்படுகின்றன என்பது அரசியல் கேள்வி. தலித் இயக்கம் தன்னுடையதாக ஏற்க வேண்டிய கேள்வியும் அதுவே.

மீட்சி மூடநம்பிக்கை அன்று

“மனச்சிதைவு” என்ற சொல்லே பாதி நம்பிக்கையைக் கெடுத்துவிடுகிறது. சிதைந்த பொருள் மீண்டும் ஒன்றாகாது என்பதே நம் மொழியுணர்வு. ஜப்பானில் “மனம் பிளந்த நோய்” என்று பொருள்படும் பழைய பெயரை 2002-இல் மாற்றினார்கள். அந்தப் பெயர் நோயாளிகளையும் குடும்பங்களையும் இழிவுபடுத்துகிறது என்று குடும்பத்தினரின் அமைப்பு போராடியதன் விளைவு அது. தென்கொரியாவும் பின்னர் அவ்வாறே பெயரை மாற்றியது. தமிழில் நாம் இன்னும் பழைய சொல்லையே சுமந்துகொண்டிருக்கிறோம்.

உண்மை நிலை அச்சொல் காட்டும் அளவுக்கு இருண்டதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு 1981–82-இல் முதன்முறையாக இந்நோயுடன் வந்த 90 பேரைப் பத்தாண்டு, இருபதாண்டு, இருபத்தைந்தாண்டு என்று மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு என்று உலகம் அறிந்தது இது. அந்த ஆண்டுகளில் இறந்துபோனவர்கள் உண்டு. நோய் மீண்டும் மீண்டும் தலைதூக்கியவர்களும் உண்டு. ஆனால் இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிறுபான்மையினர். பெரும்பாலோர் குறிகள் தணிந்து வாழ்ந்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பல்லாண்டுகள் மருத்துவமனையின் பின்கட்டில் அடைபட்டிருந்தவர்களை ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்துத் தேடிச் சென்று கண்டார் கோர்ட்னி ஹார்டிங். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தேறியிருந்தார்கள் அல்லது பெரிதும் முன்னேறியிருந்தார்கள் என்று 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, “இது போனால் போனதுதான்” என்ற மருத்துவ நம்பிக்கையையே அசைத்தது.

மீட்சி என்பது குரல் ஒருபோதும் கேட்காத நிலை என்று பொருளாகாது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எலின் சாக்ஸ் மனச்சிதைவுடன் வாழ்பவர். இன்றும் மருந்து எடுத்துக்கொள்பவர். மனநலச் சட்டத்திலேயே வல்லுநராக விளங்கி, தம் நோய் வரலாற்றை 2007-இல் நூலாக எழுதினார். அவருக்குக் கிடைத்த சிகிச்சையும், நண்பர்களும், அவரைப் பணியில் வைத்துக்கொண்ட பல்கலைக்கழகமும் அவருடைய மீட்சியின் பகுதிகள். வள்ளூர் இளைஞரிடம் இல்லாதது மன உறுதி அன்று, அந்தப் பகுதிகளே.

குரல்கள் பேசும் மொழி

மானுடவியலாளர் தான்யா லூர்மனும் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மருத்துவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மடேயோ ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் இருபது இருபது பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் வன்முறைக் குரல்களைக் கேட்டார்கள். சென்னைக்காரர்கள் பலருக்குக் கேட்டவை உறவினரின் குரல்கள்: குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று ஏவும் குரல்கள், சில வேளை திட்டும் குரல்கள். மூளையில் தோன்றும் நோய் என்றாலும், அது பேசும் சொற்களைச் சமூகமே கொடுக்கிறது என்பது இதன் பொருள். அப்படியானால் ஒரு தலித் இளைஞரின் காதில் சாதி வசவு கேட்டதில் வியப்பென்ன?

சாதி இந்நோயைத் தோற்றுவிக்கிறது என்று நான் வாதிடவில்லை. மரபுக்கூறு, கருப்பைக் காலம், கஞ்சா, உறக்கமின்மை, நகர வாழ்வின் நெருக்கடி என்று பல காரணங்கள் இதில் பின்னியுள்ளன. எனினும் பிரிட்டனில் கரீபியன் வழிவந்த கறுப்பினத்தவரிடையே இந்நோய் பல மடங்கு மிகுதியாகக் கண்டறியப்படுவதை ஆராய்ந்தவர்கள், இன ஒதுக்கலையும் தொடர் அவமதிப்பையும் ஒரு காரணமாகச் சுட்டியிருக்கிறார்கள். ஒதுக்கப்படுவது உடலில் பதிகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வழக்கறிஞர் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: நோய் எப்படி வந்தாலும், மீட்சியின் ஒவ்வொரு படியிலும் சாதியும் ஒப்பந்தக் கூலிமுறையும் குறுக்கே நிற்கின்றன.

சட்டம் எழுதியதும் ரயில் தூரமும்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் மனநலச் சேவை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அச்சேவை கட்டுப்படியாகும் செலவில், தரமாக, சென்றடையும் தூரத்தில், பாகுபாடின்றிக் கிடைக்க வேண்டும். பாகுபாட்டின் வகைகளை அடுக்கும்போது “சாதி” என்ற சொல்லைச் சட்டமே எழுதியிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்பவர், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அடிப்படை மருந்துகள் சமுதாய நல மையம் முதற்கொண்டு எல்லா அரசு நிலையங்களிலும் எந்நேரமும் இலவசமாக இருக்க வேண்டும். 27-ஆம் பிரிவின்படி இலவசச் சட்ட உதவியும் உரிமை.

சட்டத்தில் உள்ளதைக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏற்றிப் பாருங்கள். நோய் கடுமையாகும்போது இப்பகுதி மக்கள் நாடுவது பெரும்பாலும் சென்னையையே. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையோ, வேறு அரசு மருத்துவமனையோ, ரயிலிலும் பேருந்திலும் மாறிச் சென்று வரிசையில் நின்று திரும்ப ஒரு நாள் முழுதும் போகிறது. நோயாளிக்கு ஒரு நாள் கூலி, துணைக்குச் செல்லும் தாய்க்கு ஒரு நாள் கூலி. மருந்து இலவசம்தான், மருந்தை வாங்கும் நாள் இலவசம் அன்று. இரண்டு மாதம் தவறினால் நோய் திரும்புகிறது. “மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை” என்று அப்போது குறிப்பு எழுதப்படுகிறது. 2015–16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, உளப்பிறழ்வு நோயுள்ளவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் காட்டியது. அந்த முக்கால்வாசியில் நம் காலனிகள் எவ்வளவு என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஸ்கார்ஃப் உள்ளிட்ட நிறுவனங்கள் தமிழகக் கிராமப்புறம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. மருத்துவமனைச் சிகிச்சையுடன், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பேசினார்கள், மருந்தை நினைவூட்டினார்கள், வேலைக்கும் உதவிகளுக்கும் வழிகாட்டினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் நோய்க்குறிகளும் இயலாமையும் குறைந்தன. மருத்துவ வசதி குறைந்த தமிழகக் கிராமப்பகுதியில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அந்தப் பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். நம் தெருப் பெண்களைப் போன்றவர்கள்.

அம்பேத்கர் விட்டுச்சென்ற கருவி

இனி வேலைக்கு வருவோம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. நம்மில் பலருக்கு மாத்திரை வாங்கும் இடமாக மட்டுமே தெரியும். வைசிராயின் நிருவாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் இருந்த காலத்தில்தான் பேராசிரியர் பி.பி. அடார்கர் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கான அறிக்கையை 1944-இல் அளித்தார். அதன் வழியே 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. அது நம் கையில் உள்ள கருவி.

நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். நெடுங்கால நோய்கள் 34-க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு: கூலியில் 80 விழுக்காடு, ஈராண்டுகள் வரை. அந்தப் பட்டியலில் மனச்சிதைவு பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெற்றுவரும் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்குவதைத் தடுத்தது. அவ்வாறு அளித்த நீக்க அறிவிப்பு செல்லாது என்றும் அது கூறியது. ஒப்பந்ததாரரின் ஆள் என்று சொல்லி ஆலை நிருவாகம் ஒதுங்கவும் அச்சட்டம் இடமளிக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கான பங்குத்தொகையை முதலில் கட்ட வேண்டிய கடமை முதன்மை முதலாளியுடையது என்று அதன் 40-ஆம் பிரிவு கூறியது.

பிறகு ஏன் அந்த இளைஞர் வாயிலில் நிறுத்தப்பட்டார்? நீட்டிக்கப்பட்ட உதவிக்கு ஈராண்டுத் தொடர் பணி வேண்டும். கடந்த நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள்களுக்குப் பங்குத்தொகை செலுத்தியிருக்க வேண்டும். அவர் ஒரே ஆலையில் மூன்றரை ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆனால் அதற்குள் மூன்று ஒப்பந்ததாரர்கள் மாறியிருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரைப் புதிய தொழிலாளியாகப் பதிந்து புதிய காப்பீட்டு எண் வாங்கியிருந்தார். ஆள் ஒருவர், ஆலை ஒன்று; ஏடுகளில் மட்டும் மூன்று பேர். எவருக்கும் ஈராண்டுப் பணி இல்லை! ஒப்பந்தமுறை கூலியைத் திருடுவதை நாம் அறிவோம். அது நோயுற்றபின் மீள்வதற்கான காலத்தையும் திருடுகிறது.

மூன்று எண்களையும் ஒன்றாக்கவே எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. வருகைப் பதிவு, வங்கிக் கணக்கில் ஏறிய கூலி, பழைய கேட் பாஸ்கள் ஆகியவற்றை அவருடைய தாய் ஓர் அரிசிப் பையில் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பை இல்லையென்றால் வழக்கே இல்லை. கேட் பாஸ், சம்பளச் சீட்டு, காப்பீட்டு எண் எதையும் தூக்கி எறியாதீர்கள் என்று இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்.

தேறினால் பறிபோகும் சான்று

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் இயலாமைப் பட்டியலில் மனநோயும் உண்டு. பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அதன் 20-ஆம் பிரிவு கூறுகிறது. மனநலப் பாதிப்புள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரியின் வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரவீந்தர் குமார் தாரிவால் தீர்ப்பின் வழியாக மனநல இயலாமை கொண்டோரின் பணிப் பாதுகாப்பை வலுப்படுத்தியது. ஆனால் 20-ஆம் பிரிவின் காப்பு அரசு நிறுவனங்களுக்கே உரியது. நம் இளைஞர்களில் எத்தனை பேர் அரசுப் பணியில் இருக்கிறார்கள்? சிப்காட் ஆலைகளின் வாயிலில் அந்தப் பிரிவு நின்றுவிடுகிறது.

சான்றிதழிலும் ஒரு முரண் உண்டு. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகியவற்றில் உள்ள இடரை ஐடியாஸ் என்னும் அளவுகோல் மதிப்பிடும். 40 விழுக்காடு எட்டினால்தான் இடஒதுக்கீடு முதலிய உரிமைகள். மருந்தாலும் குடும்பத்தின் உழைப்பாலும் ஒருவர் தேறினால் மதிப்பெண் குறையும், சான்று போகும், உதவி நிற்கும், மருந்து தடைப்படும், நோய் திரும்பும். தேறியவரைத் தண்டிக்கும் முறை இது. ஏற்ற இறக்கம் கொண்ட நோயை அசையாத அளவுகோலால் அளக்கலாகாது.

சங்கிலிக்கும் மருத்துவமனைக்கும் அப்பால்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இருந்தும் 2019 ஜனவரியில், உத்தரப்பிரதேசத்தில் ஒரு வழிபாட்டிடத்தில் நோயாளிகளைச் சங்கிலியிட்டு வைத்திருப்பதை உச்ச நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது.

தமிழ்நாடு காட்டிய மாற்றும் உண்டு. சென்னையில் 1993-இல் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, நெடுங்காலம் நிறுவனங்களில் அடைபட்டவர்களை நான்கைந்து பேராக ஊர்த் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. அவர்கள் சமைக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், அண்டை வீட்டுத் திருமணத்துக்குச் செல்கிறார்கள். உதவிக்கு உள்ளூர்ப் பெண்கள் ஊதியம் பெற்று உடன் இருக்கிறார்கள். “ஹோம் அகெய்ன்” என்ற இம்முயற்சியை உரிமை சார்ந்த மனநலச் சேவைக்கு எடுத்துக்காட்டாக உலக சுகாதார நிறுவனம் தன் 2021 வழிகாட்டியில் சேர்த்தது. இதில் “ஊதியம் பெற்று” என்பதை அடிக்கோடிட வேண்டும். நம் வீடுகளில் இதே வேலையைத் தாயும் மனைவியும் தங்கையும் கூலியின்றிச் செய்கிறார்கள். நம் குடும்பப் பாசம் நோயாளியைக் காக்கிறது என்று பெருமைப்படுவோர், அந்தப் பாசத்தின் விலையை யார் கட்டுகிறார் என்றும் கேட்க வேண்டும்.

பெண்ணுக்கே நோய் வந்தால் கதை வேறு. கைவிடப்பட்டுத் தாய்வீடு திரும்பிய பெண்கள் பலரை நீதிமன்ற வாயிலில் சந்திக்கிறேன். அவர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு ஒன்று: கொல்லம் சந்திரசேகர் எதிர் கொல்லம் பத்மலதா வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், மனச்சிதைவு மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய், அதன் பெயரை மட்டும் சொல்லி மணமுறிவு கோர முடியாது என்று கூறியது. நோயுள்ளவர் என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கொள்ளலாகாது என்று 2017-இன் சட்டமும் சொல்கிறது.

நம் கோரிக்கைகள்

ஒன்று, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர்ப் பகுதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மனநல மருந்துகள் மாதம் முழுதும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் “மக்களைத் தேடி மருத்துவம்” வழியே 2021 முதல் வீடு தேடி வருகின்றன. அதே பையில் இம்மருந்தும் வரட்டும்.

இரண்டு, ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியின் காப்பீட்டு எண் மாறக் கூடாது. ஆலை வாரியாகத் தணிக்கை வேண்டும்.

மூன்று, மீள்பவருக்குப் பகல் ஷிஃப்ட், மருத்துவ நாளுக்குக் கூலியுடன் விடுப்பு ஆகியவை தனியார் ஆலைகளிலும் உரிமையாக வேண்டும்.

நான்கு, தேறியவரின் சான்றைக் குறைந்தது சில ஆண்டுகளுக்கேனும் பறிக்கக் கூடாது.

ஐந்து, நமக்கு நாமே வைக்கும் கோரிக்கை. நம் கூட்டங்களில், முழக்கங்களில், சமூக ஊடகச் சண்டைகளில் எதிரியைப் “பைத்தியம்” என்று ஏசுவதை நிறுத்துவோம். அந்தச் சொல் போய் விழுவது எதிரியின் மேல் அன்று. நம் தெருவில் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பியின் மேல். தெருவில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தால் குடிகாரர் என்று முடிவு கட்டும் முன் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

அந்த இளைஞர் இப்போது அதே ஆலையில் பகல் ஷிஃப்டில் இருக்கிறார். நீட்டிக்கப்பட்ட உதவி முழுதாகக் கிடைக்கவில்லை. பாதிக் காலத்துக்கே கிடைத்தது. மீதிக்கான வழக்கு நடக்கிறது. சென்ற மாதம் வாய்தாவுக்கு வந்தபோது, குரல் இன்னும் கேட்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

“எப்பவாவது வரும்ணா. ஷிஃப்டுக்கு நேரமாச்சு, அப்புறம் வான்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவேன்.”

அவர் கிளம்புவதற்கு ஒரு ஷிஃப்ட் இருக்கிறது. எஞ்சியவர்களுக்கும் அது இருக்கச் செய்வது நம் வேலை.